வந்ததை வந்தபடி அனுப்பலாமா?



தபாலட்டை சில பைசாக்களுக்குக் கிடைத்து வந்த நாட்களில், நம்மவர் வீடுகளுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வந்து சேரும். அனுப்பியவர் பெயர் இருக்காது. மதீனா முனவ்வராவில் பெருமானார் (ஸல்) அவர்களின் ரவ்ளா ஷரீபில் பணிபுரியும் ஷைகு அஹ்மத் என்பவர் ஜும்ஆ இரவில் ஓதிக்கொண்டிருக்கையில் கண்ணயர்ந்தாராம். நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றி, இந்த ஒரு வாரத்தில் மட்டும் இத்தனை ஆயிரம் பேர் மௌத்தானார்கள், ஈமானோடு போனவர் எவருமில்லை என்று வருந்தினார்களாம். கியாமத்து நெருங்கிவிட்டதாம். இக்கடிதத்தைப் பிரதி எடுத்து இத்தனை பேருக்கு அனுப்பினால் வியாபாரம் செழிக்குமாம். அலட்சியம் செய்தால் பிள்ளை சாகுமாம். பாவம், நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்து, கை வலிக்க வலிக்கப் பிரதி எடுத்தார்கள்.

அந்த ஷைகு அஹ்மதுக்கு வயது என்ன தெரியுமா? 1880களிலேயே டச்சு நாட்டு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோஞ்சே, இன்று இந்தோனேசியா என்று நாம் அழைக்கும் தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்த இதே கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எகிப்திலிருந்து வெளிவந்த ‘அல்மனார்’ இதழில் ரஷீத் ரிளா அவர்கள் இதை மறுத்தார்கள். ஸஊதி அரேபியாவின் ஷைகு இப்னு பாஸ் அவர்கள், இது பச்சைப் பொய் என்று விளக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளாக அதே ஷைகு அஹ்மத், அதே ரவ்ளாவில், அதே கனவைக் கண்டுகொண்டே இருக்கிறார்! இன்று அவர் தபாலட்டையை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்குக் குடிமாறிவிட்டார், அவ்வளவுதான்.

தபாலட்டைக் காலத்தில் ஒரு பொய்யைப் பரப்புவதற்குக் காசு வேண்டும், மை வேண்டும், நேரம் வேண்டும். எழுதுகிற கை வலிக்கும்போதாவது ‘இது உண்மைதானா?’ என்று மனம் ஒரு கணம் கேட்டுப் பார்க்கும். இன்று அந்தக் கணமும் போய்விட்டது. இஷா தொழுதுவிட்டு வந்து பாயில் உட்காருகிறோம். காயல்பட்டினத்து மாமி அனுப்பியதைத் துபாயிலுள்ள மருமகன் சென்னையிலுள்ள சாச்சாவுக்கு அனுப்ப, சாச்சா அதை முஹல்லா குழுவில் போட, அங்கிருந்து அது மறுபடி மாமிக்கே வந்து சேருகிறது. மாமி என்ன செய்கிறார்? ‘பார்த்தீர்களா, எல்லா இடத்திலும் வந்துவிட்டது, உண்மையாகத்தான் இருக்கும்’ என்கிறார்! அடியில் ‘வந்ததை வந்தபடி அனுப்பியுள்ளேன்’ என்று ஒரு வரி. இந்த வரியை எழுதிவிட்டால் பொறுப்பு கழன்றுவிட்டதாக நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். மார்க்கத்தில் அப்படி ஒரு கழற்சி உண்டா என்பதைத்தான் இந்த மாதம் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்ற தலைப்போடு வரும் செய்திகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பது நிலாவுக்குச் சென்ற நீல் ஆம்ஸ்ட்ராங்கின் கதை. 1969 ஜூலை 20ஆம் நாள் நிலவில் இறங்கிய அவர் அங்கே ஓர் இனிய ஓசையைக் கேட்டாராம். பல ஆண்டுகள் கழித்து கெய்ரோ நகரில் பாங்கு சொல்லக் கேட்டு, ‘நிலவில் நான் கேட்டது இதுதான்’ என்று கூறி இஸ்லாத்தைத் தழுவினாராம். 1980களின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து மலேசியா வரை இக்கதை பரவிற்று. அவருக்கு வாழ்த்துகளும் அழைப்புகளும் குவிந்தன. கடைசியில் 1983 மார்ச் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு விளக்கம் அனுப்ப வேண்டியதாயிற்று: எவருடைய மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் ஆம்ஸ்ட்ராங்குக்கு இல்லை, ஆனால் அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்று. 2012ஆம் ஆண்டு அவர் இறந்தார். அஸ்தியைக் கடலில் சேர்த்தார்கள். இன்றும் கதை ஓடுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும், ஒலி பயணம் செய்யக் காற்று வேண்டும், நிலவில் காற்று இல்லை என்று. ‘அல்லாஹ் நாடினால் காற்றில்லாமலும் கேட்க வைக்க மாட்டானா?’ என்று கேட்பவர் உண்டு. நாடினால் வைப்பான், அதில் நமக்கு ஐயமில்லை. அல்லாஹ்வால் முடியுமா என்பதா இங்கே கேள்வி? இது நடந்ததா, சொன்னவர் யார், அந்த மனிதரே இல்லை என்று மறுத்த பிறகும் நாம் ஏன் அவர் வாயில் கலிமாவைத் திணிக்கிறோம் என்பதல்லவா கேள்வி!

அடுத்தது சந்திரன் பிளந்த அடையாளம் என்று வரும் படம். நிலவின் மேற்பரப்பில் நீளமாக ஒரு பள்ளம். ‘நாசா ஒப்புக்கொண்டது’ என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படம் 1969இல் அப்போலோ 10 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்டது. பள்ளத்தின் பெயர் ரீமா அரியடேயஸ். சுமார் 300 கிலோமீட்டர் நீளம். நிலவைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். அதாவது முழுச் சுற்றில் முப்பத்தாறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு தாழ்வு. இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே நிலப்பட்டை கீழே இறங்கியதால் உண்டானது. இத்தகைய பள்ளங்கள் நிலவில் இன்னும் பல உண்டு.

சந்திரன் பிளந்த முஃஜிஸாவை நாம் நம்புவது அல்கமர் அத்தியாயத்தின் தொடக்கத்தாலும், ஸஹீஹான ஹதீஸ்களாலும். பதினான்கு நூற்றாண்டுகளாக நம் முன்னோர் நாசாவின் படத்தைப் பார்த்தா நம்பினார்கள்? நாளைக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அந்தப் பள்ளத்தின் உண்மையான காரணத்தை நம் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வார். அப்போது படத்தின் மீது கட்டிய நம்பிக்கை படத்தோடு சரியும். ‘வாப்பா இதிலே பொய் சொன்னார், மற்றதில் எப்படியோ?’ என்று அந்தப் பிள்ளை எண்ணத் தொடங்கினால், அதற்கு யார் பதில் சொல்வது?

ஆது கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்று ஒரு படம் வரும், பார்த்திருப்பீர்கள். தோண்டிய குழியில் மலைபோல ஒரு மனித எலும்புக்கூடு, பக்கத்தில் எறும்புபோல ஒரு தொழிலாளி. அது 2002ஆம் ஆண்டு ஒரு படப் போட்டிக்காகக் கனடா நாட்டுக் கலைஞர் ஒருவர் கணினியில் ஒட்டிச் செய்த வேலை. அடியிலுள்ள குழி, நியூயார்க் மாநிலத்தில் பழங்கால யானை இனம் ஒன்றின் எலும்புகளைத் தோண்டிய இடம். வேடிக்கை என்னவென்றால், அதே படத்தை வைத்து இந்துச் சகோதரர்களிடையே ‘பீமன் மகன் கடோத்கஜனின் எலும்பு’ என்று ஒரு செய்தி சுற்றியது. நமக்கு ஆது, அவர்களுக்குக் கடோத்கஜன். படம் ஒன்றே!

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டினால் உடனே ஒரு பதில் வரும். ‘விடுங்கள் காக்கா, நல்லதுக்குத்தானே! நாலு பேருக்கு ஈமான் கூடினால் என்ன கெட்டுப் போயிற்று?’

இந்தப் பதில் இன்று புதிதாக வந்ததா? இல்லை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மர்வ் நகரில் காழியாக இருந்தவர் நூஹ் இப்னு அபீ மர்யம். குர்ஆனின் சூராக்கள் ஒவ்வொன்றையும் ஓதினால் இன்னின்ன சிறப்பு என்று இக்ரிமா வழியாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயரால் அறிவித்து வந்தார். இக்ரிமாவின் மாணவர் எவரிடமும் இல்லாத செய்தி உமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவரைக் கேட்டார்கள். மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு, நன்மையை நாடி இவற்றை நானே புனைந்தேன் என்று அவர் சொன்னதாக ஹதீஸ் கலை நூல்களில் பதிவாகியிருக்கிறது. பல கலைகளையும் திரட்டியவர் என்பதால் அவருக்கு ‘ஜாமிஉ’ என்ற பட்டம் இருந்தது. எல்லாவற்றையும் திரட்டியவர் உண்மையை மட்டும் திரட்டவில்லை என்று இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டுவிட்டார்கள்!

அவருடைய நோக்கத்தைப் பாருங்கள். மக்களைக் குர்ஆன் பக்கம் திருப்ப வேண்டும்! இதைவிட நல்ல நோக்கம் எது? ஆனாலும் நம் இமாம்கள் ஒப்பவில்லை. இட்டுக்கட்டுவோரிலேயே அதிகக் கேடு விளைவிப்பவர்கள் பக்திமான்களாக வாழ்ந்துகொண்டு இட்டுக்கட்டியவர்களே என்று இப்னு ஸலாஹ் (ரஹ்) எழுதினார்கள். காரணம் எளிது. கெட்டவன் சொன்னால் ஊர் சந்தேகிக்கும். தாடியும் தொப்பியுமாக, முதல் ஸஃப்பில் நிற்பவர் சொன்னால் யார் சந்தேகிப்பார்? இந்தச் சொல்லை இன்றைய குழுக்களுக்குப் பொருத்திப் பாருங்கள். முகம் தெரியாதவன் அனுப்பும் செய்தியை நாம் புறந்தள்ளிவிடுகிறோம். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரியவர் அனுப்பினால் அடுத்த நொடியில் அது நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

நிற்க. ஒரு பொய் வெளியே தானாகப் புறப்பட்டு, நம் மார்க்கத்துக்கே பெருமை சேர்ப்பதுபோல் வந்து நின்றால் என்ன செய்வது? இதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. நாம் எத்தனை முறை கேட்டிருந்தாலும் நிதானமாக மீண்டும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி அது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. அன்னை மாரியா (ரலி) அவர்கள் வயிற்றில் பிறந்த அருமை மைந்தர் இப்ராஹீம், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை, மரணத் தறுவாயில் கிடக்கிறது. முன்பே பிள்ளைகளை அடக்கம் செய்த தந்தை இந்தக் குழந்தையையும் மடியில் ஏந்துகிறார்கள். கண்ணீர் வழிகிறது. உயிர் பிரிகிறது. அன்றைய நாளில் மதீனாவில் சூரியன் மங்குகிறது. கிரகணம்! வானியலார் பின்னோக்கிக் கணக்கிட்டு, கி.பி. 632 ஜனவரி 27 அன்று அக்கிரகணம் ஏற்பட்டதாகச் சொல்கிறார்கள். ஊர் மக்கள் பேசத் தொடங்கினார்கள்: நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே துக்கம் கொண்டாடுகிறது!

எண்ணிப் பாருங்கள். எவரும் இட்டுக்கட்டவில்லை. கிரகணம் உண்மை, மரணமும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டது மக்களின் அன்பு. அந்தப் பேச்சை மறுக்க வேண்டிய கட்டாயம் என்ன இருந்தது? பேசாமல் இருந்திருந்தாலே போதும், ஊர் ஊராகப் பரவி எத்தனை பேரை ஈமானில் உறுதிப்படுத்தியிருக்கும்! அன்றைக்கு அவர்களின் உள்ளம் இருந்த நிலையில், மௌனமாக இருந்ததற்காக எவரும் குறை சொல்லவும் மாட்டார்கள். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்திவிட்டு மக்களை நோக்கிப் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்று தெளிவுபடுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. மகனை மண்ணுக்குக் கொடுத்த துயரத்தின் நடுவிலும், தமக்குச் சாதகமான ஒரு தவறான பேச்சு தெளிவுபட வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அந்த நபியின் பெயரால் நாம் எலும்புக்கூட்டுப் படம் அனுப்புகிறோம்!

இதைப் படித்துவிட்டு, ‘இவர்களுக்குப் போனே ஆகாது, புதுமையே ஆகாது’ என்று எவரும் எண்ண வேண்டாம். கருவி கருவிதான். ஒலிபெருக்கி புதிதாக வந்தபோது அதை வைத்துத் தொழலாமா என்று பெரும் கருத்து வேறுபாடு எழுந்தது. மறைந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் முதலில் கூடாது என்ற கருத்தில் இருந்தார்கள். அதிலிருந்து வருவது இமாமின் குரல்தானா அல்லது அதன் எதிரொலி போன்ற வேறொன்றா என்பதில் மஸ்அலா அடங்கியிருந்தது. அந்தத் துறை அறிந்தவர்களிடம் விசாரித்து, விளக்கம் கிடைத்தபின் முன்னைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். அறியாததை அறிந்தோரிடம் கேட்கும்படி நஹ்ல் அத்தியாயத்தின் 43ஆம் வசனம் பணிக்கிறதே, அதன் நடைமுறை இதுதான். ஃபிக்ஹை ஆலிமிடம் கேட்டார்கள், மின்சாரத்தை மின்சாரம் தெரிந்தவரிடம் கேட்டார்கள். நம் குழுக்களிலோ தடுப்பூசி பற்றித் துணிக்கடைக்காரரும், தலாக் பற்றிப் பொறியியல் மாணவரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தடுப்பூசி என்றோம். அங்கேதான் விளையாட்டு வினையாகிறது.

2003ஆம் ஆண்டு நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்து முஸ்லிம் பிள்ளைகளை மலடாக்கும் சூழ்ச்சி என்று பேச்சுக் கிளம்பியது. அம்மாநிலத்தில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் மருந்து நிறுத்தப்பட்டது. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தென்றால் ஏற்போம் என்று கூறி 2004இல் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நோய்க் கிருமி நாடு நாடாகப் புறப்பட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டு அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அதே இந்தோனேசியாவுக்கு! பத்தாண்டுகளாகப் போலியோவே இல்லாதிருந்த அந்த நாட்டில் 300க்கு மேற்பட்ட பிள்ளைகளின் கைகால்கள் முடங்கின. பரிசோதித்ததில் அக்கிருமியின் பூர்வீகம் நைஜீரியா என்று தெரிய வந்தது. மருந்து கொடுத்து உதவிய நாட்டின் பிள்ளைகளுக்கு வதந்தி கொடுத்த கைம்மாறு அது.

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2011ஆம் ஆண்டு பாகிஸ்தானின் அப்பட்டாபாத்தில் உளவு வேலைக்காக அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தடுப்பூசி முகாம் என்ற பெயரைப் பயன்படுத்தியது உண்மை. அது மன்னிக்கத் தகாத செயல். அதன் பிறகு அங்கே தடுப்பூசி போடச் சென்ற ஏழைப் பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. உளவு பார்த்தவன் ஒருவன், உயிர் கொடுத்தவள் இன்னொருத்தி. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் இதே மலட்டுப் பேச்சு பரவியபோது உலமாக்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் தெருவில் இறங்கி விளக்கினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லை. 2014இல் போலியோ இல்லாத நாடாகச் சான்றும் கிடைத்தது. அப்படியிருந்தும் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த பீதிச் செய்திகளால் எல்லாச் சமயத்துப் பெற்றோரும் தயங்கினார்கள். காலக்கெடுவையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணும் காதும் இதயமும் பழுதாகலாம். இதைச் சொல்லும் செய்தியை எத்தனை பேர் அனுப்பினார்கள்?

இனி இதே சொல், இதே ‘மலடாக்குதல்’, நம் மீது எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கேளுங்கள்.

2018 பிப்ரவரி இறுதியில் இலங்கையின் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சகோதரரின் உணவகம். கறியில் ஏதோ கட்டியாகக் கிடந்ததைக் கண்ட ஒருவர், சிங்களவரை மலடாக்க மாத்திரை கலந்திருக்கிறாய் என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவே தலையை ஆட்டினார். அதைப் படம் பிடித்து, ‘ஒப்புக்கொண்டான்’ என்று பரப்பினார்கள். உணவகம் நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் கண்டி மாவட்டம் திகனையில் வேறொரு காரணத்தால் மூண்ட கலவரத்துக்கு இந்தப் பொய்யும் எண்ணெய் வார்த்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் அவசர நிலையை அறிவித்து, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றையே முடக்க நேர்ந்தது. அரசுப் பரிசோதனையில் அந்தக் கட்டி என்ன என்று தெரிந்தது. மாவு! கரையாத மாவுக் கட்டி. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. அடுத்த ஆண்டு, 2019 மே மாதத்தில், குருநாகல் மருத்துவமனையில் பணியாற்றிய முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று செய்தி கிளப்பிக் கைது செய்தார்கள். இரண்டு மாதம் சிறையில் இருந்தார்.

கானோவில் ஊசிக்கு எதிராக நம்மவர்கள் நம்பியதும், அம்பாறையில் நமக்கு எதிராக அவர்கள் நம்பியதும் ஒரே பொய்யின் இரு முகங்கள் அல்லவா? ‘எங்கள் இனத்தை அழிக்கச் சதி’ என்ற அச்சத்தை ஊட்டிவிட்டால் மாவுக் கட்டியும் மாத்திரையாகத் தெரியும், சொட்டு மருந்தும் நஞ்சாகத் தெரியும். அம்பாறைக் கூட்டத்தில் ஒருவராவது ‘பொறுங்கள், சோதித்துப் பார்ப்போம்’ என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று நாம் ஏங்குகிறோம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் சொல்வது இதைத்தானே! தீயவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்கிறது. ஸகாத்து வசூலிக்கச் சென்ற ஒருவர், அந்தக் கூட்டத்தார் மறுத்துவிட்டதாகத் தவறான செய்தி கொண்டுவந்தபோது இது இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுவார்கள். விசாரிக்காமல் படை புறப்பட்டிருந்தால் ஸகாத்தோடு காத்திருந்த மக்கள் மீதல்லவா வாள் இறங்கியிருக்கும்!

விசாரிக்க வேண்டும் என்பது வதந்திக்கு மட்டுமல்ல. ‘விஞ்ஞானம் சொல்கிறது’ என்ற முத்திரையோடு அதிகாரத்திலிருந்து வருவதற்கும் அது பொருந்தும். கொரோனாக் காலத்தில் இலங்கையில் ஜனாஸாக்களை அடக்கம் செய்யவிடாமல் எரிக்க உத்தரவிட்டார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவுமாம். அடக்கம் செய்யலாம், தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. உலகெங்கும் அடக்கம் நடந்தது. இலங்கையில் மட்டும் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளேயான ஒரு பச்சிளங் குழந்தையும் அவற்றில் ஒன்று. 2021 பிப்ரவரி இறுதியில் உத்தரவு மாறியது. ஓட்டமாவடியில் கபுருகள் தோண்டப்பட்டன. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்நாட்களில் நமக்குத் துணை நின்றது எது? ‘ஆதாரம் எங்கே? எந்த ஆய்வு? எந்த நாட்டில் நீரில் பரவியது?’ என்று நிதானமாகக் கேட்ட கிருமியியல் அறிஞர்களும் மருத்துவர்களுமே. கேள்வி கேட்கும் பழக்கத்தை நாமே இழந்துவிட்டு, எலும்புக்கூட்டுப் படத்துக்கு ‘சுப்ஹானல்லாஹ்’ போட்டுக்கொண்டிருந்தால், இப்படியொரு நாளில் ‘ஆதாரம் எங்கே?’ என்று நாம் கேட்பதை எவர் மதிப்பார்?

வாதம் செய்யும் பழக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஷஃபான் 29 வந்துவிட்டால் போதும், தொலைநோக்கியா வெறுங்கண்ணா, கணக்கா பார்வையா என்று குழுக்களில் இரவு ஒரு மணி வரை யுத்தம். பிறை பார்த்து அறிவிக்கக் காழிகள் இருக்கிறார்கள், ஆய்ந்து எழுத உலமாக்கள் இருக்கிறார்கள். சகோதரியின் கணவரைக் குழுவைவிட்டு நீக்குவதில் எந்தப் பிறை தெரியப் போகிறது? தன் பக்கம் நியாயம் இருந்தும் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்குச் சுவர்க்கத்தின் ஓரத்தில் ஓர் இல்லத்துக்குத் தாம் பொறுப்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வாக்களித்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நள்ளிரவில் பெரிய எழுத்தில் பதில் தட்டிக்கொண்டிருப்பவர், அந்த வீட்டை எவ்வளவு மலிவாக விற்கிறார்! தஹஜ்ஜுத் நேரத்தில் விழித்திருப்பதென்னவோ விழித்திருக்கிறார்.

சரி, செய்தி வந்தால் என்ன செய்வது? நம் முன்னோர் கையாண்ட முறையைத்தான் கையாள வேண்டும். ஸனது எங்கே? ‘மக்காவிலிருந்து ஒரு டாக்டர் சொன்னது’ என்றால், எந்த டாக்டர், பெயர் என்ன, எப்போது, எங்கே சொன்னார்? பெயரில்லாத அறிவிப்பாளரை ஹதீஸ் கலையில் ‘மஜ்ஹூல்’ என்று கூறி நிறுத்திவிடுவார்கள். நாமும் நிறுத்த வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. ஓர் ஆலிமின் குரலிலேயே, முகத்திலேயே, அவர் பேசாததைப் பேச வைத்துவிடுகிறார்கள். ஆகவே கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன் என்பதும் போதாமல் போய்விட்டது. அவரிடமே, அவருடைய மதரஸாவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அது நம்மோடு நிற்கட்டும். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் வரும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது நூலின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார்கள். அதில் ‘வந்ததை வந்தபடி’ சொன்னவனுக்கு விலக்கு இல்லை. அவனைப் பற்றித்தான் பேச்சே. 2018இல் அந்த நிறுவனத்தாரே, ஊர் ஊராகப் பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதைக் கண்டு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை அவ்வூருக்குக் கடத்தியவர்களில் பலர் அந்த மூதாட்டியைப் பார்த்ததுகூட இல்லை.

முன்பே அனுப்பிவிட்டவர்கள், தவ்பாச் செய்தால் போதுமா என்று கேட்கலாம். தவ்பாவுக்கு அல்பகரா அத்தியாயத்தின் 160ஆம் வசனம் காட்டும் வழியைப் பாருங்கள். உண்மையை மறைத்தவர்களைப் பற்றிப் பேசும் இடம் அது. அவர்கள் மீள வேண்டுமானால் வருந்துவதோடு நில்லாமல், சீர்திருத்திக்கொள்ளவும் வேண்டும், தெளிவுபடுத்தவும் வேண்டும் என்று மூன்றையும் அங்கே சேர்த்தே சொல்லப்படுகிறது. எனவே தன் போனில் மட்டும் அந்தப் படத்தை அழித்துவிட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னால் நிறைவாகாது. எந்தக் குழுவில் போட்டாரோ அதே குழுவில், எந்தப் பெயரில் போட்டாரோ அதே பெயரில், ‘நான் அனுப்பிய இந்தச் செய்தி தவறு’ என்று எழுத வேண்டும். அந்தக் குழுவிலிருந்து எடுத்து வேறிடத்துக்கு அனுப்பியவர் இன்னாரென்று தெரிந்தால் அவருக்கும் சொல்ல வேண்டும். போனில் எழுத்துப் படிக்கத் தெரியாத வயதான உம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும்.